சதுரங்க நிலைகளை நொடிக்குள் தேடும் தரவுத்தளம்: மடிக்கணினியில் அமைத்த விதம்

ஒரு சதுரங்க நிலையைக் கொடுத்தால், அது எந்தெந்த ஆட்டங்களில் வந்திருக்கிறது, அங்கிருந்து என்னென்ன ஆடியிருக்கிறார்கள், முடிவுகள் எப்படி அமைந்தன என்று உடனே சொல்லும் தரவுத்தளம் ஒன்றை 8 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியிலேயே அமைப்பது இந்த வேலையின் நோக்கம். இணையச் சதுரங்கத் தளமான லீசெஸ் இதை இலவசமாகவே செய்து தருகிறது. ஸ்கிட் போன்ற கட்டற்ற மென்பொருள்களும் உண்டு. ஆனாலும் கேள்விகளை என் விருப்பப்படி அமைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசையும், உள்ளே என்னதான் நடக்கிறது என்று கையால் செய்து பார்க்கும் ஆர்வமும் சேர்ந்து இதில் இறங்க வைத்தன.

தரவுக்குப் பஞ்சமில்லை. லீசெஸ் தன்னிடம் ஆடப்படும் மதிப்பீட்டு (ரேட்டிங்) ஆட்டங்கள் அனைத்தையும் 2013 ஜனவரி முதல் மாதவாரியாக, எவரும் எதற்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்துடன் வெளியிடுகிறது. அந்த முதல் மாதக் கோப்பில் 1,21,332 ஆட்டங்கள் இருக்கின்றன. நிரலைச் சோதிக்க அதுவே போதுமான அளவு. அதற்கு அடுத்தடுத்த மாதங்களையும் சேர்த்து ஏறத்தாழ 70 லட்சம் ஆட்டங்கள் கொண்ட தொகுப்பை எடுத்துக்கொண்டேன். கோப்புகள் இசட்எஸ்டி முறையில் சுருக்கப்பட்டவை; விரித்தால் சுமார் ஏழு மடங்கு ஆகும் என்பதால், வட்டில் விரித்து வைக்காமல், விரிக்கும் நிரலின் வெளியீட்டை நேராக என் நிரலுக்குள் குழாய் போட்டு வாங்குவதே வசதி.

இந்தக் கோப்புகளின் பிஜிஎன் வடிவம், அதாவது நகர்த்தல்களை வரிசையாக எழுதும் உரை வடிவம், மனிதன் படிப்பதற்காக ஏற்பட்டது. கணினிக்கு அது மெதுவான உணவு. நிம்சோ இந்தியன் தொடக்கத்தில் டி4, குதிரை எஃப்6, சி4, இ6, குதிரை சி3, மந்திரி பி4, இ3, கோட்டை என்று வந்தபின் வெள்ளை "குதிரை இ2" ஆடியதாக மட்டுமே கோப்பில் இருக்கும். சி3-இலும் ஜி1-இலும் இரண்டு குதிரைகள் நிற்கின்றன, இரண்டுக்கும் இ2 எட்டும் தூரம்தான். ஆனால் சி3 குதிரை பி4 மந்திரியால் ராஜாவோடு கட்டப்பட்டிருப்பதால் நகர முடியாது, எனவே எந்தக் குதிரை என்று எழுதவேண்டிய தேவையில்லை என்கிறது விதி. அதாவது ஒவ்வொரு நகர்த்தலையும் புரிந்துகொள்ளச் சட்டப்படி செல்லும் நகர்த்தல்களைக் கணக்கிட்டாக வேண்டும். இதை ஒவ்வொரு தேடலுக்கும் செய்வது வீண். ஆகவே முதல் ஓட்டத்திலேயே ஒவ்வொரு நகர்த்தலையும் புறப்படும் கட்டத்துக்கு 6 பிட், சேரும் கட்டத்துக்கு 6 பிட், சிப்பாய் பதவி உயர்வு முதலியவற்றுக்கு 4 பிட் என 16 பிட்டில் அடைத்துத் தனிக் கோப்பில் எழுதிவிட்டேன். ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 70 அரை நகர்த்தல் (ஒருவர் ஒருமுறை ஆடுவது) என்று கொண்டால் 140 பைட். 70 லட்சம் ஆட்டங்களும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். பைத்தானில் எழுதிய முதல் வடிவம் சோதனைக்கு மட்டும் உதவியது. முழுத் தொகுப்பையும் ஓட்டுவதற்கு ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதினேன்.

அடுத்தது நிலையை ஓர் எண்ணாக மாற்றுவது. இதற்கு ஆல்பர்ட் சோப்ரிஸ்ட் 1970-இல் விவரித்த முறையைத்தான் இன்றும் எல்லாரும் பயன்படுத்துகிறார்கள். 12 வகைக் காய்கள், 64 கட்டங்கள், ஆக 768 தற்செயல் எண்கள், கோட்டை கட்டும் உரிமைகளுக்கு 4, ஆன் பாசான் (இரண்டு கட்டம் பாய்ந்த சிப்பாயை, ஒரே கட்டம் நகர்ந்ததுபோல் கருதி எதிரிச் சிப்பாய் உடனே வெட்டுவது) நெடுவரிசைகளுக்கு 8, யாருடைய முறை என்பதற்கு 1, மொத்தம் 781. ஒவ்வொன்றும் 64 பிட். பலகையில் உள்ளவற்றுக்குரிய எண்களையெல்லாம் எக்ஸார் (ஒரே எண்ணை இருமுறை சேர்த்தால் அது நீங்கிவிடும் பிட் செயல்) செய்தால் கிடைப்பதே அந்த நிலையின் ஹாஷ் எண். ஜி1 குதிரை எஃப்3-க்குப் போனால் பலகை முழுவதையும் மறுபடி கணக்கிட வேண்டியதில்லை: ஜி1 குதிரையின் எண்ணை ஒருமுறை, எஃப்3 குதிரையின் எண்ணை ஒருமுறை, முறை மாறுவதற்கான எண்ணை ஒருமுறை எக்ஸார் செய்தால் புதிய நிலையின் எண் வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் "ஒரே நிலை" என்றால் எது என்று தீர்மானிக்க வேண்டும். தரவுத்தளத்தின் பயன் பெரும்பாலும் இந்த முடிவைப் பொறுத்தே அமைகிறது. டி4 டி5, குதிரை எஃப்3 குதிரை எஃப்6 என்று ஆடினாலும், குதிரை எஃப்3 குதிரை எஃப்6, டி4 டி5 என்று ஆடினாலும் பலகை ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வரிசையில் கடைசியாக நகர்ந்தது கறுப்பின் டி சிப்பாய், அதுவும் இரண்டு கட்டம். 1994-ஆம் ஆண்டின் பிஜிஎன் விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றும் மென்பொருள், நிலையை ஒரே வரியில் எழுதும் ஃபென் குறிப்பில் "டி6" என்று ஆன் பாசான் கட்டத்தைக் குறித்துவிடும். அந்தச் சிப்பாயை வெட்டத்தக்க வெள்ளைச் சிப்பாய் சி5-இலோ இ5-இலோ இல்லவே இல்லை என்பதை அது பார்ப்பதில்லை. அதை அப்படியே ஹாஷில் சேர்த்தால் ஒரே நிலை இரண்டாகப் பிளந்து, ராணிச் சிப்பாய்த் தொடக்கங்களின் கணக்கு முழுவதும் கோணலாகிவிடும். சதுரங்க நிரல்கள் தொடக்க நகர்த்தல்களைச் சேமிக்கும் பாலிகிளாட் தொடக்க நூல் வடிவம், பக்கத்தில் எதிரிச் சிப்பாய் நின்றால் மட்டுமே ஆன் பாசானைக் கணக்கில் எடுக்கிறது. நான் இன்னும் ஒரு படி போய், அந்த வெட்டு உண்மையிலேயே சட்டப்படி செல்லுமா என்று பார்த்த பின்பே சேர்க்கிறேன். பக்கத்துச் சிப்பாய் ராஜாவோடு கட்டப்பட்டிருக்கும் மிக அரிய நிலைகளில் என் எண் பாலிகிளாட் எண்ணோடு ஒத்துப்போகாது, அது எனக்குச் சம்மதம். எத்தனையாவது நகர்த்தல், 50 நகர்த்தல் விதியின் எண்ணிக்கை ஆகிய இரண்டும் ஹாஷில் இல்லை. கோட்டை உரிமைகள் உண்டு. ராஜா ஒருமுறை நகர்ந்து திரும்பிய நிலையும் நகராத நிலையும் ஆட்டக்காரருக்கு ஒன்றல்ல.

நகர்த்தல் உருவாக்கும் பகுதி சரியா என்பதை எண்ணிப் பார்த்துச் சோதிக்கும் வழக்கம் சதுரங்க நிரலாளர்களிடையே உண்டு. தொடக்க நிலையிலிருந்து ஆடக்கூடிய நகர்த்தல் வரிசைகளின் எண்ணிக்கை, ஓர் அரை நகர்த்தல் ஆழத்துக்கு 20, அடுத்தடுத்த ஆழங்களுக்கு 400, 8,902, 1,97,281, 48,65,609 என வர வேண்டும். ஆன் பாசானிலும் கோட்டை கட்டுவதிலும் உள்ள பிழைகள் இந்த எண்களில் தாமதமாகத்தான் தெரியும் என்பதால், "கிவிபீட்" என்று அழைக்கப்படும் சிக்கலான நிலையிலும் சோதிப்பது நல்லது; அங்கே 48, 2,039, 97,862 என்று வரும். கூடவே, படிப்படியாக மாற்றிவந்த ஹாஷையும் பலகையிலிருந்து புதிதாகக் கணக்கிட்ட ஹாஷையும் ஒவ்வொரு நகர்த்தலிலும் ஒப்பிடும் சோதனையை முதல் மாதக் கோப்பு முழுவதிலும் ஓடவிட்ட பிறகே மேலே போனேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே என்று முதலில் எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு சாதாரண அட்டவணையை அமைத்தேன்: ஹாஷ், ஆட்ட எண், அரை நகர்த்தல் எண், ஹாஷின் மேல் ஓர் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்). எஸ்கியூலைட்டின் முழு எண் குறியுடன் கூடிய 64 பிட் என்பதால் ஹாஷின் முதல் பிட் 1 ஆக இருந்தால் எதிர்ம எண்ணாகத் தெரியும். தேடலுக்கு அதனால் பாதகமில்லை. ஒரு மாதக் கோப்புக்கு, அதாவது ஏறத்தாழ 80 லட்சம் நிலைகளுக்கு, இது நன்றாகவே ஓடியது, தேடலும் வேகம்தான். இவ்வளவு போதும் என்பவர்கள் இங்கேயே நின்றுகொள்வது நல்லது என்பேன். ஆட்டங்கள் பெருகப் பெருகச் சேர்க்கும் வேகம் படுத்துவிடுகிறது. காரணம் எளிது: சோப்ரிஸ்ட் எண்கள் தற்செயலானவை, அடுத்தடுத்து வரும் இரண்டு நிலைகளின் எண்களுக்குள் எந்த உறவும் கிடையாது, எனவே ஒவ்வொரு பதிவும், இன்டெக்ஸை வரிசையாக வைத்திருக்கும் பி-மரத்தின் வேறொரு பக்கத்தில் போய் விழுகிறது. மரம் ரேமில் அடங்கும்வரை சிக்கல் இல்லை. அதைத் தாண்டியதும் 16 பைட்டுக்காக 4,096 பைட் பக்கம் ஒன்றைப் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டியதாகிறது.

70 லட்சம் ஆட்டங்களுக்கு ஏறத்தாழ 50 கோடி நிலைகள். எழுதி முடித்துவிட்டால் பிறகு மாறாத தரவு இது. மாறாத தரவுக்கு மரம் எதற்கு? வரிசைப்படுத்தப்பட்ட தட்டையான கோப்பு ஒன்று போதும். ஒரு பதிவுக்கு 16 பைட் என்று வைத்தேன்: ஹாஷ் 8, ஆட்ட எண் 4, அடுத்த நகர்த்தல் 2, மீதி 2 பைட்டில் அரை நகர்த்தல் எண்ணுக்கு 14 பிட், முடிவுக்கு 2 பிட். மொத்தம் 8 ஜிபி. ஆட்ட எண் கொடுப்பதில் ஒரு சிறு உத்தி செய்தேன். ஆட்டங்களை இருவரின் சராசரி மதிப்பீட்டின்படி இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு எண்ணிட்டால், கோப்பை ஹாஷ், ஆட்ட எண் என்ற முறையில் வரிசைப்படுத்தும்போது ஒவ்வொரு நிலைக்குக் கீழும் வலுவான ஆட்டக்காரர்களின் ஆட்டங்கள் தாமாகவே முதலில் வந்து நிற்கும். தேடும் நேரத்தில் தனியாக வரிசைப்படுத்தும் வேலை மிச்சம்.

8 ஜிபியை 8 ஜிபி ரேமில் வரிசைப்படுத்த முடியாது. ஆகவே ஹாஷின் முதல் பைட்டைப் பார்த்து 256 தற்காலிகக் கோப்புகளாகப் பிரித்து எழுதி, பின்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே ரேமில் ஏற்றி வரிசைப்படுத்தி, அடுத்தடுத்து ஒட்டுவது என்பது ஏற்பாடு. எண்கள் சீராகப் பரவியவை என்பதால் எல்லாக் கோப்புகளும் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒவ்வொன்றும் 20 லட்சம் பதிவுகளோடு இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அப்படி இருக்காது. சீராகப் பரவுவது வெவ்வேறான நிலைகள்தாம், பதிவுகள் அல்ல. தொடக்க நிலை 70 லட்சம் ஆட்டங்களிலும் வருகிறது, அதன் 70 லட்சம் பதிவுகளும் ஒரே கோப்பில் போய்க் குவிகின்றன. இ4 ஆடிய பின் வரும் நிலை இன்னொரு கோப்பை வீங்க வைக்கிறது. இதற்காக முதல் சில நகர்த்தல்களின் நிலைகளை மட்டும் கோப்புக்கு அனுப்பாமல் ரேமிலேயே ஓர் அட்டவணையில் எண்ணிக்கையாகக் கூட்டிக்கொண்டு, ஒவ்வொரு நிலைக்கும் மதிப்பீட்டில் முதலிடம் பெறும் சில ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டேன். தொடக்க நிலை வந்த 70 லட்சம் ஆட்டங்களின் பட்டியலை யாரும் கேட்கப்போவதில்லை.

எண்களின் தற்செயல்தன்மை எழுதும்போது செய்த கெடுதலைத் தேடும்போது ஈடுகட்டிவிடுகிறது. 50 கோடிப் பதிவுகளில் இருபாதித் தேடல் (ஒவ்வொரு முறையும் பாதியை ஒதுக்கித் தேடுவது) செய்தால் 29 தாவல்கள். அவற்றில் பெரும்பாலானவை வட்டில் வெவ்வேறு பக்கங்களைத் தொடும். ஆனால் எண்கள் சீராகப் பரவியிருப்பதால் ஹாஷின் முதல் 20 பிட்டைப் பார்த்தாலே அது கோப்பில் ஏறத்தாழ எங்கே இருக்கும் என்று சொல்லிவிடலாம். 10,48,576 இடங்கள் கொண்ட சிறு அட்டவணை ஒன்றில், அந்த 20 பிட்டில் தொடங்கும் முதல் பதிவு எங்கே உள்ளது என்பதை 8 பைட்டில் எழுதி வைத்தால் அட்டவணை முழுவதும் 8 எம்பிதான். ரேமில் நிரந்தரமாக இருந்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு இடத்துக்கும் சராசரியாக 480 பதிவுகளுக்குச் சற்றுக் குறைவு, அதாவது இரண்டு பக்கங்களுக்குள் அடக்கம். வட்டை ஒருமுறை தொட்டால் விடை கையில். பெர்லின் தடுப்பாட்டத்தில் ராணிகள் வெட்டுப்பட்டு, கறுப்பு ராஜா டி8-இல் வந்து நிற்கும் அந்தப் புகழ்பெற்ற நிலையை, 2000-இல் லண்டனில் காஸ்பரோவுக்கு எதிராகக் கிராம்னிக் நிறுத்திய அதே அரணை, கொடுத்துப் பார்த்தேன்; கணினியை அப்போதுதான் இயக்கியிருந்தும் சில மில்லிவினாடிகளில் பட்டியல் வந்துவிட்டது.

ஒரே நிலையிலிருந்து என்னென்ன ஆடப்பட்டது, வெற்றி, சமன், தோல்வி எத்தனை என்ற கூட்டுக்கணக்கைத் தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்; ஆனால் எல்லா நிலைகளுக்கும் அல்ல. தொடக்கம் தாண்டிய நிலைகளில் பெரும்பாலானவை ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டும் வருபவை. 20 ஆட்டங்களுக்குக் குறைவாக வந்த நிலைகளின் பதிவுகள் எப்படியும் பக்கத்திலேயே கிடக்கின்றன, அவற்றைப் படித்த கையோடு கூட்டிவிடலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு மட்டுமே முன்கூட்டிய கணக்கு. இந்த ஒரு வரம்பால் கூட்டுக்கணக்குக் கோப்பு மிகச் சிறியதாகிவிட்டது.

இரண்டு வெவ்வேறு நிலைகளுக்கு ஒரே ஹாஷ் வந்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கத் தோன்றும். சட்டப்படி சாத்தியமான நிலைகள் ஏறத்தாழ 4.8 × 10-இன் 44-ஆம் அடுக்கு என்று கணினி அறிஞர் ஜான் டிராம்ப் மதிப்பிட்டிருக்கிறார். 64 பிட்டில் அவை அடங்காது என்பது வெளிப்படை. ஆனால் நம் கோப்பில் இருப்பவை 50 கோடிதான். அத்தனையும் வெவ்வேறானவை என்றே கொண்டாலும், எங்காவது ஒரே ஒரு மோதல் நேர்வதற்கான வாய்ப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 32 பிட் எண் எடுத்திருந்தால் ஒரு லட்சம் நிலைகளிலேயே மோதலை எதிர்பார்க்க வேண்டும். மேலும், ஆட்டப் பட்டியலைக் காட்டும்போது அந்த ஆட்டத்தை உரிய நகர்த்தல்வரை ஆடிப் பார்த்துப் பலகையை ஒப்பிட்டுவிடுகிறேன். 16 பிட் நகர்த்தல்கள் என்பதால் அதற்கு ஆகும் நேரம் பொருட்படுத்தத்தக்கதல்ல.

இதுவரை சொன்னது முழு நிலைத் தேடல், எளிய பாதி. "இதே சிப்பாய் அமைப்பு எந்த ஆட்டங்களில் வந்தது" என்பதும், "வெள்ளைச் சிப்பாய் இ5-இல், கறுப்புச் சிப்பாய்கள் சி6, சி7-இல், கறுப்பு ராஜா டி8-இல், ராணிகள் இல்லை" என்பதும் கடினமான பாதி. சிப்பாய் அமைப்புக்குச் சிப்பாய்களை மட்டும் வைத்து இன்னொரு ஹாஷ் கணக்கிட்டேன். அது ஓர் ஆட்டத்தில் எழுபது முறை மாறுவதில்லை, இருபது, இருபத்தைந்து முறைதான் மாறும். எனவே தொடங்கிய நகர்த்தலையும் நீடித்த நீளத்தையும் எழுதினால் 3 ஜிபிக்குள் முடிந்தது. ஆனால் பெர்லினில் வெள்ளை எச்3 ஆடிய உடனே முழு அமைப்பின் ஹாஷ் மாறிவிடும். ஆட்டக்காரர் தேடுவதோ இ5-உம் இரட்டைச் சிப்பாயும் உள்ள எல்லா ஆட்டங்களையும். இதற்கு ஹாஷ் எந்த வகையிலும் உதவாது.

ஆகவே காய்-கட்டம் ஜோடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பிட் பட்டியல் அமைத்தேன்: இந்தக் காய் இந்தக் கட்டத்தில் எப்போதாவது நின்ற ஆட்டங்களுக்கு 1, மற்றவற்றுக்கு 0. 768 ஜோடிகளில் சிப்பாய் நிற்க முடியாத முதல், எட்டாம் வரிசைகளுக்கான 32 போய்விடும். தொடக்கத்திலேயே எல்லா ஆட்டங்களிலும் நிற்கும் 32 காய்களுக்கான பட்டியல்களும் பயனற்றவை. மீதி 704. ஒவ்வொன்றும் 70 லட்சம் பிட், அதாவது 8.75 லட்சம் பைட். சுருக்காமல் வைத்தாலும் 616 எம்பி. கேள்வியில் உள்ள ஜோடிகளின் பட்டியல்களை எடுத்து, குறைவான 1 உள்ளதிலிருந்து தொடங்கி ஒன்றோடொன்று வெட்டினால், தேட வேண்டிய ஆட்டங்கள் ஒரு சிறு கூட்டமாகச் சுருங்கிவிடுகின்றன. மேலே சொன்ன கேள்வியில் சி6 சிப்பாய் காரோ-கான் தடுப்பாட்டம் உட்பட எண்ணற்ற ஆட்டங்களில் வரும், சி7 தொடக்கக் கட்டம் என்பதால் அதற்குப் பட்டியலே இல்லை. உண்மையில் வேலை செய்வது டி8 ராஜாதான். காய்கள் ஒரே நேரத்தில் நின்றனவா என்பதை இந்தப் பட்டியல் அறியாது. மிஞ்சிய ஆட்டங்களை ஆடிப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும்.

ஆடிப் பார்ப்பதையும் பாதியில் நிறுத்தலாம். ஷேன் ஹட்சன் உருவாக்கிய ஸ்கிட்டிடமிருந்து கற்றது இது. ஆட்டத்தின் இறுதியில் பலகையில் மிஞ்சிய காய்களைச் சுருக்கக் குறிப்பாக ஒவ்வொரு ஆட்டத்தோடும் அது வைத்திருக்கிறது; தொடக்கக் கட்டத்தை விட்டுச் சிப்பாய்கள் எந்த வரிசையில் வெளியேறின என்பதையும் குறித்துவைக்கிறது. கேள்வியில் ராணிகள் இல்லை என்றிருக்க, ஆட்டம் முடியும்போதும் இரு ராணிகளும் பலகையில் இருந்தால், பதவி உயர்வு நிகழாத வரை அந்த ஆட்டத்தைத் தொடவே தேவையில்லை. அதேபோல் சிப்பாய் பின்னால் நடக்காது: ஏ2-இல் வெள்ளைச் சிப்பாய் வேண்டும் என்று கேட்டிருக்க அது நகர்ந்துவிட்டால், அந்த ஆட்டத்தின் மிச்சத்தை ஆடிப் பயனில்லை. பதவி உயர்வு நடந்த ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு பிட் கொடி வைத்து விதிவிலக்காக்கியிருக்கிறேன்.

மாதந்தோறும் புதிய கோப்பு வரும்போது 8 ஜிபியையும் திருத்தி எழுதுவது கட்டுப்படியாகாது. ஒவ்வொரு மாதத்தையும் தனித் தொகுப்பாக, தனி ஆட்ட எண்களோடும் தனி 20 பிட் அட்டவணையோடும் அமைத்து, தேடும்போது எல்லாவற்றிலும் கேட்டு விடைகளைச் சேர்க்கிறேன்; தொகுப்புகள் எட்டைத் தாண்டினால் இரவில் ஓடும் ஒரு நிரல் அவற்றை ஒன்றாக இணைக்கிறது. லீசெஸின் தொடக்க ஆய்வுப் பகுதி நம்பியிருக்கும் ராக்ஸ்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் உள்ளே செய்வதும் இதே வகை வேலைதான். அதையே எடுத்துப் பயன்படுத்தியிருக்கலாம் என்பவர்களோடு எனக்கு வாதமில்லை, எழுதிக்கொண்டே இருக்க வேண்டிய தளத்துக்கு அதுவே சரி. இணைக்கும்போது மதிப்பீட்டு வரிசைப்படி ஆட்ட எண்கள் மாறும் என்பதால் பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கான பட்டியல் ஒன்றை முதலில் எழுதி, மூன்று இன்டெக்ஸ்களையும் அதன் வழியே மாற்றி, சில நூறு நிலைகளைப் பழைய, புதிய தொகுப்புகள் இரண்டிலும் கேட்டு எண்ணிக்கைகள் பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே பழைய கோப்புகளை நீக்குகிறது நிரல்.